ஏஐ காணொளிச் சேவைகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் சட்டப் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படப்பிடிப்பு என்றால் நடிகரிடம் கையெழுத்து, இடத்துக்கு அனுமதி, இசைக்கு உரிமம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் கைமாறும். பிற்பாடு வழக்கு வந்தால் நிறுவனத்தைக் காத்தவை அந்தத் தாள்கள்தாம். ஏஐ சேவையில் சில வரிகள் எழுதிக் கொடுத்தாலே காணொளி வந்துவிடுவதால் படப்பிடிப்போடு சேர்ந்து அந்தத் தாள்களும் மறைந்துவிட்டன. பொறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. வணிக நிறுவனங்களும் விளம்பர முகமைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், குறிப்பிட்ட ஒரு காணொளியைப் பற்றி முடிவெடுக்கும் முன் அது வெளியாகும் நாட்டின் வழக்குரைஞர் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

காணொளியை உருவாக்கியது ஏஐ தானே, அதற்கு எங்கள் நிறுவனம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

ஒரு காணொளி எந்தக் கருவியில் உருவானது என்பதைவிட, அதை யார் தம் பெயரில் வெளியிட்டார், அதனால் யார் ஆதாயம் பெற்றார் என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். மென்பொருளுக்குச் சட்டத்தின் கண்ணில் ஆள் என்ற நிலை கிடையாது. அதன்மீது வழக்குத் தொடுக்கவோ அதனிடம் இழப்பீடு வசூலிக்கவோ வழியில்லை. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்றில் ஏர் கனடா நிறுவனம் ஏறக்குறைய இந்த வாதத்தைத்தான் முன்வைத்தது. உறவினர் இறந்ததற்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பின்னரும் கோரலாம் என்று அதன் இணையதள சாட்பாட் ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை; தன் இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அது எழுத்து உரையாடல் பற்றிய வழக்கு, தொகையும் சிறியது. ஆனால், உரையாடலிலாவது நிறுவனத்தின் ஊழியர் எவரும் பதிலைப் பார்க்காமலே அது வாடிக்கையாளரிடம் போனது. காணொளியையோ யாரோ ஒருவர் பார்த்து, தேர்ந்தெடுத்து, வெளியிடும் பொத்தானை அழுத்துகிறார். ஆகவே தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கு இங்கே இடம் இன்னும் குறைவு.

உருவான காணொளி வேறொருவருடைய படைப்பை ஒத்திருந்தால் என்ன ஆகும்? நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே?

பல நாடுகளில் பதிப்புரிமை மீறலை நிலைநாட்ட உள்நோக்கம் தேவையில்லை. நோக்கம் எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் இழப்பீட்டின் அளவைத்தான் மாற்றும். அமெரிக்கச் சட்டத்தில், பதிவு செய்யப்பட்ட ஒரு படைப்புக்குச் சட்டம் வரையறுத்த இழப்பீடு வழக்கமாக 750 முதல் 30,000 டாலர் வரை. தெரிந்தே செய்த மீறல் என்றால் 1,50,000 டாலர் வரை போகலாம். தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தால் 200 டாலர் வரை குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்த இடைவெளியில் உங்களை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்யும் சான்று நீங்கள் எழுதிய பிராம்ப்ட், அதாவது ஏஐ சேவைக்கு எழுதிக் கொடுத்த கட்டளை. "இன்ன படத்தில் வரும் இன்ன கதாபாத்திரம் போல" என்று உங்கள் ஊழியர் தட்டச்சு செய்திருந்தால், அந்த வரி சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் நாள், நேரத்தோடு கிடக்கும். எதிர்த்தரப்பு அதை வரவழைத்து வாசிக்கும்போது "தற்செயல்" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். பெரிய படத்தயாரிப்பு நிறுவனங்கள் இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு 2025 சான்று. அந்த ஆண்டு ஜூன் மாதம் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி என்ற ஏஐ படச் சேவையின் மீது வழக்குத் தொடுத்தன. செப்டம்பரில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியும் சேர்ந்துகொள்ள, மூன்றும் ஹைலுவோ என்ற காணொளிச் சேவையை நடத்தும் மினிமேக்ஸ் நிறுவனத்தின்மீது கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. இப்போதைக்கு இவை சேவை நிறுவனங்கள் மீதான வழக்குகள். ஆனால் அந்தச் சேவையின் காணொளியை விளம்பரமாக்கிப் பொருள் விற்கும் நிறுவனத்துக்கும் அதே சட்டம்தான் பொருந்தும்.

எழுத்து வடிவக் கட்டளைகளில் கதாபாத்திரம், இயக்குநர், கலைஞர், போட்டி நிறுவனம் எதன் பெயரும் வரக்கூடாது என்பதை நிறுவனத்தின் எழுதப்பட்ட விதியாகவே வையுங்கள். செலவில்லாத இந்த ஒரு விதியே பெரும்பாலான தொல்லைகளைத் தடுத்துவிடும்.

மாடலை (காணொளியை உருவாக்கும் ஏஐ அமைப்பை) பயிற்றுவிக்க யாருடைய காணொளிகளைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் நாங்கள்தான் பொறுப்பா?

முதன்மையாக அது சேவையை உருவாக்கியவரின் தலைவலி. ஆனால் உங்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. படங்களுக்கு உரிமம் விற்கும் கெட்டி இமேஜஸ், ஏஐ பட மாடல் நிறுவனமான ஸ்டெபிலிட்டி ஏஐ மீது தொடுத்த வழக்கில் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தபோது, மாடலே பதிப்புரிமையை மீறும் நகல் ஆகாது என்று சொன்னது. ஆனால் பழைய பதிப்புகள் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் நீர்க்குறி தெரிந்ததால், குறுகிய அளவில் வணிக முத்திரை மீறல் நடந்ததாகக் கண்டது. பயிற்சியில் உள்ளே போனது வெளியீட்டில் எட்டிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. காணொளியை ஓட விட்டுப் பார்த்தால் இது கண்ணில் படாது. ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, மூலைகளையும், பின்னணியில் உள்ள பலகைகளையும், உடையில் உள்ள சின்னங்களையும், பெட்டிகளின் பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். பாதி அழிந்த எழுத்துகள் போலத் தெரியும் ஒரு கறை ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரையாக இருக்கலாம்.

காணொளி எங்களுக்குச் சொந்தம் என்று சேவை நிபந்தனைகளில் எழுதியிருக்கிறதே, அது போதாதா?

அந்த வரி, சேவை நிறுவனம் உங்களிடம் உரிமை கோராது என்று சொல்கிறது, அவ்வளவே. சட்டம் தராத பதிப்புரிமையை ஒப்பந்தத்தால் உண்டாக்க முடியாது. மனிதப் படைப்பாளி இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்காவின் கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பிராம்ப்ட் எழுதுவது மட்டும் படைப்பாளி ஆவதற்குப் போதாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதே ஆண்டு ஜனவரி அறிக்கையில் கூறியிருந்தது. பெய்ஜிங் இணைய நீதிமன்றமோ 2023 நவம்பரில், பயனர் கட்டளைகளையும் அளவுருக்களையும் தாமே தேர்ந்து திருத்தி உருவாக்கிய ஒரு படத்துக்குப் பதிப்புரிமையை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எனவே ஒரே காணொளி ஒரு நாட்டில் உங்கள் சொத்தாகவும், இன்னொரு நாட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாகவும் இருக்க முடியும்.

விளம்பர முகமைகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. "இந்தக் காணொளியின் முழுப் பதிப்புரிமையையும் வாடிக்கையாளருக்கு மாற்றித் தருகிறோம்" என்ற பழைய ஒப்பந்த வாசகம் அப்படியே தொடர்கிறது. கையில் இல்லாத உரிமையை எப்படி மாற்றித் தருவது? போட்டியாளர் அந்தக் காணொளியை நகலெடுத்து, வாடிக்கையாளரால் தடுக்க முடியாமல் போகும் நாளில், உறுதிமொழியை மீறியவர் என்ற பழி முகமையின்மேல் வந்து விழும். எந்தப் பகுதி மனிதர் எழுதியது, எது ஏஐ தந்தது என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிவிடுவதுதான் நேர்மையான வழி.

நடிகரின் முகமோ குரலோ நேரடியாக வரவில்லை, சாயல் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் ஆபத்தா?

ஆம். நான் மிகவும் அஞ்சுவது இந்த வகை வழக்கைத்தான். ஏனென்றால் இங்கே பாதிக்கப்படுவது ஒரு மனிதரின் முகமும் குரலும், அதாவது அவருடைய தன்மானமும் பிழைப்பும்.

இது ஏஐக்கு முன்பே தீர்ந்த சட்டம். பாடகி பெட் மிட்லர் ஒரு கார் விளம்பரத்தில் பாட மறுத்தபோது, ஃபோர்டு நிறுவனத்தின் விளம்பர முகமை அவருடைய பழைய பின்னணிப் பாடகி ஒருவரை வைத்து அவரைப் போலவே பாட வைத்தது. பாடலுக்கான உரிமம் முறையாக வாங்கப்பட்டிருந்தது. ஆனாலும் 1988இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், புகழ்பெற்ற ஒருவரின் தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலச் செய்வது தவறு என்றது. பிறகு நடுவர் குழு 4,00,000 டாலர் இழப்பீடு வழங்கியது. அன்று பாவனை செய்ய இன்னொரு மனிதர் தேவைப்பட்டார். இன்று ஒரு வரி போதும். 2023 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் நடிகர் அனில் கபூரின் பெயர், தோற்றம், குரல் ஆகியவற்றை ஏஐ உட்பட எந்த வழியிலும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்குத் தடையாணை பிறப்பித்தது. குரலையும் காக்கும் வகையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் இயற்றிய எல்விஸ் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

புகழ் பெறாதவருக்கும் உரிமை உண்டு. 2024 ஏப்ரலில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் தீர்த்த வழக்கில், ஒரு குரல் கலைஞர் ஒலிநூல்களுக்காகப் பேசிக் கொடுத்த பதிவுகளை, அவற்றின் பதிப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதிலிருந்து ஏஐ குரல் உருவாக்கி விற்கப்பட்டது. பதிவின் பதிப்புரிமை கையில் இருப்பதால் பேசியவரின் குரலை ஏஐ குரலாக மாற்றும் உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றம் கூறியது. இழப்பீடு 2,50,000 யுவான்.

உங்கள் சொந்த ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காணொளிக்காக அவருடைய முகத்தையும் குரலையும் கொண்டு ஒரு டிஜிட்டல் பிம்பம் செய்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். பிம்பம் மட்டும் உங்களிடம் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது, அவர் ஒருநாளும் சொல்லாத சொற்களைச் சொல்கிறது. அவர் கையெழுத்திட்ட தாளில் எந்தப் பயன்பாடு, எவ்வளவு காலம், எந்த மொழிகள், புதிய வசனத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டுமா, விலகிய பின் பிம்பம் எப்போது அழிக்கப்படும் என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா? வேலையில் சேரும்போது வாங்கும் பொதுவான புகைப்பட ஒப்புதல் இதற்குப் போதாது. மேலும், முக வடிவமும் குரல் தடமும் பல நாடுகளில் தனிப் பாதுகாப்புள்ள தரவுகள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டு உயிரியளவுத் தகவல் சட்டம், கவனக்குறைவான மீறலுக்கு 1,000 டாலர், தெரிந்தே செய்ததற்கு 5,000 டாலர் என்று பாதிக்கப்பட்டவரே நேரடியாக வழக்குத் தொடுக்க இடம் தருகிறது.

அப்படியானால் முற்றிலும் கற்பனையான முகத்தைப் பயன்படுத்தினால் சிக்கல் இல்லையா?

குறையும், தீராது. கற்பனை முகம் என்று மாடல் தருவது யாரோ ஒருவரை அப்படியே ஒத்திருக்கலாம். வெளியிடும் முன் படத்தைக் கொண்டு இணையத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. விளம்பரத்தில் வருபவர் உண்மையான நடிகர் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2025 டிசம்பரில் சட்டம் இயற்றியது. முதல் மீறலுக்கு 1,000 டாலரும் அடுத்தடுத்தவற்றுக்கு 5,000 டாலரும் அபராதம். எல்லாவற்றையும்விட, அந்தக் கற்பனை முகத்தை வாடிக்கையாளராக்கி "நான் பயன்படுத்தினேன், குணமானேன்" என்று பேச வைக்காதீர்கள். இல்லாத மனிதரின் பெயரில் வரும் சான்றுரைகளை, ஏஐ உருவாக்கியவை உட்பட, அமெரிக்க வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபர் முதல் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

எங்கள் பொருளைத்தானே காட்டுகிறோம். ஏஐ காட்சியில் அழகாகக் காட்டினால் என்ன தவறு?

அழகாகக் காட்டுவதில் தவறில்லை. பொருள் செய்யாத வேலையைச் செய்வதாகக் காட்டுவதுதான் தவறு. ஏஐ காணொளியில் இது யாரும் திட்டமிடாமலே நடந்துவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாடலுக்கு உங்கள் பொருளின் எடையோ, பூட்டோ, தாங்கும் திறனோ தெரியாது. அதைப் போன்ற பொருள்கள் காணொளிகளில் எப்படித் தோன்றும் என்பதுதான் தெரியும்.

நான் சரிபார்த்த ஒரு வரைவு, மடக்கு ஏணிக்கான எட்டு நொடிக் காணொளி. முதல் நொடியில் கீலின் அருகே பூட்டு ஊசி தெரிந்தது. நான்காம் நொடியில் ஊசி காணாமல் போய், கீல் வழவழப்பான ஒரே குழாயாக மாறியிருந்தது. அதற்குள் ஒருவர் உச்சிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு பக்கமாக உடலை முழுவதும் சாய்த்துக் கூரையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஏணி அசையவே இல்லை. பொருளோடு வரும் கையேடு உச்சிப் படியில் ஏற வேண்டாம் என்கிறது, விளம்பரமோ ஏறச் சொல்லிக் கொடுக்கிறது. அதைப் பார்த்து ஏறியவர் விழுந்தால், தவறான விளம்பரம் என்பதோடு பொருளின் பாதுகாப்பு பற்றிய பொறுப்பும் சேர்ந்து வரும். அந்த வரைவு வெளியாகவில்லை. வெளியாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கான அடிப்படைத் தீர்ப்புக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. கோல்கேட் பாமாலிவ் நிறுவனத்தின் சவர கிரீம் விளம்பரம், உப்புத்தாளின்மேல் கிரீமைத் தடவி உடனே ஒரே இழுப்பில் மழிப்பதாகக் காட்டியது. உண்மையில் காட்டப்பட்டது உப்புத்தாளே அல்ல, மணல் தூவிய பிளெக்ஸிகிளாஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) பலகை. நிஜ உப்புத்தாள் மழிக்கும் அளவுக்கு ஊற ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். நிஜத்தில் காட்ட முடியும் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, பார்வையாளர் தாம் கண்ணால் காண்பதே சோதனை என்று நம்ப வைக்கப்படுகிறார், அந்த நம்பிக்கையே பொய் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. ஏஐ காணொளி ஒவ்வொன்றும் ஒரு பிளெக்ஸிகிளாஸ் பலகைதான். ஆகவே செயல்விளக்கம், முன்பின் ஒப்பீடு, அளவு, வேகம், வலிமை ஆகியவற்றைக் காட்டும் காட்சிகளுக்கு நிஜப் படப்பிடிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏஐ உருவாக்கியது" என்று எழுதிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா?

நீங்காது. முத்திரை இடுவது தனிக் கடமை. அது பதிப்புரிமை மீறலையோ அவதூறையோ பொய் விளம்பரத்தையோ சரிசெய்யாது. இடாமல் விட்டாலோ அதுவே தனிக் குற்றமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் 50ஆம் பிரிவு, டீப்ஃபேக் காணொளியை (நிஜம் போலத் தோன்றும் போலிக் காணொளியை) பயன்படுத்துவோர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அந்தக் கடமைக்குச் சட்டம் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2. மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். நிறுவனம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும், வெளியீடு அங்கே பயன்படுத்தப்பட்டால் சட்டம் பொருந்தும். சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் கண்ணுக்குத் தெரியும் குறியும் கோப்புக்குள் மறைந்த குறியும் கட்டாயம். இந்தியாவில் 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் செயற்கையாக உருவாக்கப்பட்ட உள்ளடக்கத்துக்கு முத்திரை கேட்கின்றன.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது மறைந்த குறியைத்தான். சேவை நிறுவனம் கோப்பில் பதித்துத் தரும் தகவல், நீங்கள் வேறு மென்பொருளில் வெட்டி ஒட்டி மறுபடி ஏற்றுமதி செய்யும்போது காணாமல் போகலாம். நீங்கள் அழிக்க நினைக்கவில்லை என்றாலும், வெளியான கோப்பில் அது இருக்காது. இறுதிக் கோப்பை ஒருமுறை சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.

வழக்கு வந்தால் இழப்பீடு தருகிறோம் என்று சேவை நிறுவனமே உறுதி தந்திருக்கிறதே?

மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலும் கூகுள் அதற்கடுத்த மாதமும் அப்படிப்பட்ட உறுதிகளை அறிவித்தன. அடோபியும் தன் ஃபயர்ஃப்ளை சேவைக்கு நிறுவன வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்கிறது. மதிப்புள்ள பாதுகாப்புதான், ஆனால் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கு உறுதி பொருந்தும்? இலவசக் கணக்குகளுக்கும் சோதனைப் பதிப்புகளுக்கும் பெரும்பாலும் கிடையாது. சந்தைப்படுத்தல் பிரிவில் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் உருவாக்கிய காணொளியை நிறுவனம் வெளியிட்டால் அங்கேயே உறுதி அறுந்துவிடும். எந்த வழக்குக்குப் பொருந்தும்? பதிப்புரிமைக்கு மட்டும் என்றால், முகம், குரல், அவதூறு, பொய் விளம்பரம் எல்லாம் உங்கள் கணக்கில். தகாத வெளியீட்டைத் தடுக்கும் சேவையின் வடிகட்டியை அணைத்திருந்தாலோ, வெளியீட்டைத் திருத்தியிருந்தாலோ, மீறல் என்று தெரிந்தே பயன்படுத்தியிருந்தாலோ விலக்கு உண்டா? அதிகபட்சத் தொகை என்ன? பல ஒப்பந்தங்களில் பொதுப் பொறுப்பின் வரம்பு கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் கட்டிய சந்தாவோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு வரியும் அதே பக்கத்தில் இருக்கும்: உங்கள் பயன்பாட்டால் சேவை நிறுவனத்துக்கு வழக்கு வந்தால் நீங்கள் அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்பது. பாதுகாப்பு கிடைக்கிறது என்று நினைத்துக் கையெழுத்திட்ட தாளில், பாதுகாப்பு தருபவர் நீங்களாக இருக்கக்கூடும்.

காணொளியைச் செய்து தந்தது வெளி முகமை. வழக்கு அவர்கள்மேல் போகாதா?

அவர்கள்மேலும் போகலாம்; உங்களை விட்டுவிடாது. விளம்பரத்தில் இருப்பது உங்கள் பெயர். ஏஐ பயன்படுத்தினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எந்தச் சேவை, எந்தத் திட்டம் என்று எழுத வேண்டும், பிராம்ப்ட் பதிவுகளை ஒப்படைக்க வேண்டும் என்ற மூன்றையும் முகமையின் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வெளியாகாத பொருளின் படங்களைச் சேவையில் ஏற்றலாமா?

நிபந்தனைகளில் உங்கள் உள்ளீடுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று இருந்தால் ஏற்றக்கூடாது. வாடிக்கையாளருடன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால், ஏற்றிய கணத்திலேயே அதை மீறியவர் ஆகலாம்; காணொளி வெளியாக வேண்டிய தேவைகூட இல்லை.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

காணொளியை எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்குங்கள். இறக்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, தொடர்ந்து வைத்திருப்பதோ தெரிந்தே செய்த மீறலுக்குச் சான்றாகும். இறக்குவது வேறு, அழிப்பது வேறு. பதற்றத்தில் யாரோ ஒருவர் சேவைக் கணக்கையும் பிராம்ப்ட் வரலாற்றையும் அழித்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்; தற்செயலான ஒற்றுமை என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே சான்று அதோடு போய்விடும், சான்றை மறைத்தவர் என்ற பெயரும் சேரும். கட்டளைகள், நிராகரித்த வரைவுகள், யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்ற மின்னஞ்சல்கள், காணொளி உருவான நாளில் நடைமுறையில் இருந்த சேவை நிபந்தனைகளின் நகல் ஆகிய எல்லாவற்றையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். நிபந்தனைகள் அடிக்கடி மாறுவதால், இன்று இணையத்தில் இருக்கும் பக்கம் அன்றைய ஒப்பந்தமாக இருக்காது.

அடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சேவை நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமாகத் தெரிவித்தால் காப்பீடும் இழப்பீட்டு உறுதியும் கைவிட்டுப் போகலாம், நீங்களாக எதிர்த்தரப்போடு சமரசம் பேசினாலும் அப்படியே. புகார் செய்தவர் ஒரு தனி மனிதர், அவருடைய முகமோ குரலோ பயன்பட்டிருக்கிறது என்றால், வழக்குரைஞரின் கடிதத்துக்கு முன் காணொளி இறக்கப்பட்ட செய்தி அவரைச் சென்றடைய வேண்டும். அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.